ஒரு பிடி குறைந்த படி

1

போன மாதம் ஈப்போவில் ஒரு நூலகத்துக்குப் போய் ஒரு கருவியை இரவல் கேட்டேன். படிவத்தை வாங்கிப் பார்த்த பெண், எனக்கு ஜாமீன் போட ஒரு ஆள் வேண்டும் என்று சொன்னாள். நான் மலேசியாவுக்கு வந்து முப்பத்திரண்டு வருஷம் நிறைந்த அதே வாரத்தில்தான் இது நடந்தது.

அவள் மேல் குற்றமில்லை. அஸ்லினா என்று பெயர், நல்ல பெண். புத்தகம் எடுக்க யாருடைய அட்டையும் போதுமாம். கருவி எடுக்கத்தான் குடியுரிமை உள்ளவர் வேண்டும், இல்லாவிட்டால் குடியுரிமை உள்ள ஒருவரின் கையெழுத்து வேண்டும். இங்கே குடிமக்களுக்கு நீல அட்டை. கல்யாணமாகி வந்து தங்கிவிட்ட என்னைப் போன்றவர்களுக்குச் சிவப்பு அட்டை. நிரந்தரவாசி என்று அதற்குப் பெயர். அந்த நிரந்தரத்தையும் அவ்வப்போது போய்ப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் கண்ணாடியில் பெருவிரலை வைக்கச் சொல்வார்கள், ரேகை விழாது. துடைத்து வை, அழுத்தி வை, இடது கையை வை என்று நாலு தடவை ஆகும். பாத்திரம் தேய்த்தே விரல் வழுக்கையாகிவிட்டது என்று எந்த மொழியில் சொல்வது?

கடைசியில் என் மகள் வள்ளிதான் ஜாமீன் போட்டாள். நான் பெற்ற பிள்ளை, இந்த ஊர் ஆஸ்பத்திரியில் பிறந்ததால் நீல அட்டைக்காரி. அம்மா நல்லவள், எடுத்த சாமானை ஏழு நாளில் திருப்பிக் கொடுத்துவிடுவாள் என்று கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு, "சரி லா அம்மா, இதுல என்ன இருக்கு?" என்றாள். அவளுக்கு ஒன்றும் இல்லைதான்.

நூலகத்துக்கு நான் படிக்கப் போகிறவள் இல்லை. என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய் மூன்று வருஷம் ஆகிறது. வாரம் மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கும் நிலையத்தில் நாலு மணி நேரம் படுத்திருப்பார். லகாட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் நேரம் ஓடிவிடும். நிலையத்திலேயே உட்கார்ந்தால் மற்ற வீட்டுக்காரிகள் எல்லோரும் உப்பு, கிரியாட்டினின் என்றே பேசுகிறார்கள். நூலகத்தில் குளிர்சாதனம் உண்டு, யாரும் பேச மாட்டார்கள். அங்கே ஒரு கண்ணாடி அறையில் பிள்ளைகள் என்னென்னவோ செய்துகொண்டிருப்பார்கள். ஒரு நாள் ஒரு சீனப் பையன் ஒரு பொம்மையைச் சுழலும் தட்டில் வைத்துக் கோடு கோடாக ஒளியைப் பாய்ச்சினான். பொம்மை அப்படியே திரையில் எழுந்து நின்றது, முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்கலாம். அந்தக் கருவியை வீட்டுக்கே இரவல் தருவார்கள் என்று அஸ்லினா சொன்னாள். எனக்கு உடனே வீட்டில் இருக்கும் படி நினைவுக்கு வந்தது.

2

பித்தளைப் படி. அரிசி அளப்பது. அடியில் ஒன்று, நடுவில் ஒன்று, வாயில் ஒன்று என்று மூன்று வளையம். வாய்க்குக் கீழே ஒரு சொட்டை. பக்கத்தில் ஆத்தாளின் பெயரெழுத்து இரண்டு வெட்டியிருக்கும். ஆத்தா என்றால் எங்கள் பக்கத்தில் அம்மா என்று காரைக்குடிப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் எந்தக் கல்யாணமானாலும் விளக்குக்குப் பக்கத்தில் நிறைபடியாக நிற்பது இதுதான். அப்பச்சி கல்யாணத்தில் நின்றது, என் ஆச்சி கல்யாணத்தில் நின்றது, என் கல்யாணத்திலும் நின்றது. அப்பச்சி என்றால் அப்பா, ஆச்சி என்பது என் அக்காள் உமையாள்.

நான் மலேசியாவுக்கு விமானம் ஏறிய அன்று ஆத்தா அதை என் பெட்டியில் சேலைகளுக்கு நடுவே வைத்துவிட்டாள். ஆச்சி அப்போது மாமியார் வீட்டில் இருந்தாள். அவளுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா என்று கேட்டேன். "கண்காணாத தேசத்துக்குப் போறவளுக்குத்தான் படி வேணும். இங்க இருக்கிறவளுக்கு நான் இருக்கேன்ல" என்றாள் ஆத்தா. சொன்ன இரண்டாம் வருஷம் அவள் இல்லை.

தந்தி வந்தபோது நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். என் கணவர் அங்கே கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர். என் பாஸ்போர்ட் விசா புதுப்பிக்கக் கொடுத்திருந்தது. அது கைக்கு வரப் பதினோரு நாள் ஆனது. யாரையும் குற்றம் சொல்ல முடியாது, எல்லாருக்கும் அத்தனை நாள்தான் ஆகும். அதற்குள் அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. ஆத்தாளுக்கு நான் வாய்க்கரிசி போடவில்லை. பெற்ற பெண் இரண்டு பேரில் ஒருத்தி போட்டாள், ஒருத்தி பால்மரக் காட்டில் உட்கார்ந்து பித்தளைப் படியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அந்தத் தோட்டம் இப்போது இல்லை. பாதி எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை, பாதி வீடமைப்பு. கிராணி வீடு இருந்த இடத்தில் கார் கழுவுகிறார்கள். படி மட்டும் என்னோடு வந்தது. பத்துக் கிலோ என்று அச்சடித்த அரிசி மூட்டையைக்கூட நான் படியால் அளந்துதான் டப்பாவில் கொட்டுவேன். முதல் படியை ஒன்று என்று சொல்ல மாட்டேன். லாபம், ரெண்டு, மூணு என்றுதான் எங்கள் வீட்டில் எண்ணுவது. மூட்டையிலேயே எழுதியிருக்கே, யாரை ஏமாத்தப் பார்க்கிறே என்று என் கணவர் முப்பது வருஷமாகக் கேட்கிறார்.

ஆச்சி படியைப் பற்றி அப்போது சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை. கடிதத்தில் நலம் கேட்பாள், மழை எழுதுவாள், கீழே கையெழுத்துப் போடுவாள். படி என்ற சொல் மட்டும் வராது. பிறகு கைப்பேசி வந்தது, முகம் பார்த்துப் பேசினோம். என் பேச்சில் இந்த ஊர்க்காரர்கள் எதற்கும் ஒட்டிக்கொள்கிற லா வந்தால் மட்டும் சிரிப்பாள், "லாவாம்ல" என்பாள். நான் அங்கே போய் நின்ற இரண்டு தடவையும் அதே மாதிரிதான், சாப்பாட்டுக்குக் குறையில்லை, மனசு மட்டும் கதவைச் சாத்திக்கொண்டிருந்தது.

இந்த வருஷம் அவளுடைய கடைசி மகளுக்குக் கல்யாணம் கூடியது. பிள்ளைக்கு முப்பதைத் தாண்டி, எத்தனையோ இடம் தட்டிப்போய்க் கூடிய கல்யாணம். சேதி சொல்ல அழைத்தவள், எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டுச் சொன்னாள்.

"படி வேணும் மெய்யம்மை. கல்யாணத்துக்கு மட்டும் இல்ல. உன்கிட்ட இருந்தது போதும்."

என்னால் போக முடியாது என்பது அவளுக்குத் தெரியும். வாரம் மூன்று நாள் என் கணவரைக் கொண்டுபோய்ப் படுக்கவைக்க வேறு ஆளில்லை. நான் வராவிட்டாலும் படி வரலாமே என்பது அவள் கட்சி. அதில் நியாயமில்லை என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. கொடுக்கவும் கை வரவில்லை.

3

வள்ளி பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளராக இருக்கிறாள். சனிக்கிழமைகளில் வருவாள், தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. இதை நான் எழுதுவது அவளுக்குத் தெரியும், என்ன எழுதுகிறேன் என்று தெரியாது. படியில் வெட்டிய இரண்டு எழுத்தைக் காட்டி, இது ஏதோ டிசைன் என்று நினைத்திருந்தாளாம் சின்ன வயதில்.

அவளுக்கு இந்த விஷயம் ரொம்பச் சுலபம். "ஸ்கேன் பண்ணி வச்சிக்கலாம்மா. ஃபைல் நம்மகிட்ட இருந்தா போதும், எப்ப வேணும்னாலும் பிரிண்ட் எடுத்துக்கலாம். பழசு பெரியம்மாகிட்டயே போகட்டும்" என்றாள். பிள்ளைகளின் போட்டோ எல்லாம் எங்கேயோ மேகத்தில் இருக்கிறது என்று சொல்கிற தலைமுறை. ஆத்தாளின் படியும் அங்கே போய் இருந்துகொள்ளட்டும் என்கிறாள்.

கருவி ஒரு சின்னப் பெட்டியில் வந்தது. பெட்டிக்குள் கேமரா மாதிரி ஒன்று, ஒரு சுழலும் தட்டு, கம்பிகள். ஒவ்வொன்றையும் எண்ணி, எண்ணியதற்குக் கையெழுத்து வாங்கித்தான் அஸ்லினா கொடுத்தாள். நான் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் படியை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தேன். நூலகத்துச் சாமானுக்கு முன்னால் நம் வீட்டுச் சாமான் களிம்போடு நின்றால் நமக்குத்தானே கேவலம். புளி, பிறகு சாம்பல், பிறகு எலுமிச்சை மூடி, பிறகு மெல்லிய துணி. என் முகம் அதில் தெரிகிற வரைக்கும் விடவில்லை. போட்டோ எடுக்கப் போகிறவளைக் குளிப்பாட்டித் தலைசீவி விடுவதில்லையா?

சனிக்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் தட்டை வைத்து, அதன் மேல் படியை வைத்து, வள்ளி மடிக்கணினியைத் திறந்தாள். தட்டு சுற்றியது, நீலக் கோடுகள் ஓடின. திரையில் ஒன்றும் வரவில்லை. ஒரு வளையத்தில் துண்டு, சொட்டையின் ஓரம், நடுவே ஓட்டை ஓட்டையாக வெறும் கறுப்பு. இன்னொரு தடவை சுற்றினாள், இன்னும் மோசம். மேசைமேல் படி தகதகவென்று நிற்கிறது, கருவியின் கண்ணுக்கு அங்கே எதுவும் இல்லை.

வள்ளி அதைப் படம் எடுத்து அஸ்லினாவுக்கு அனுப்பினாள். பதில் உடனே வந்தது. ரொம்பப் பளபளப்பு, ஆன்ட்டி. ஒளி பட்டுத் தெறித்துவிடும், கருவிக்கு மங்கலான சாமான்தான் தெரியும். மங்கலாக்க ஒரு தெளிப்பான் உண்டு, நூலகத்தில் தீர்ந்துவிட்டது, ஏதாவது வெள்ளைப் பொடி இருந்தால் மெல்லிசாகப் பூசுங்கள்.

இரண்டு மணி நேரம் கை வலிக்கத் தேய்த்ததை நினைத்து எனக்கு எரிச்சலாக வந்தது. தேய்க்காமல் களிம்போடு விட்டிருந்தால் முதல் சுற்றிலேயே வேலை முடிந்திருக்கும். வீட்டில் முகப்பவுடர் இல்லை, நான் போட்டு எத்தனையோ வருஷம். பூஜை அலமாரியில் திருநீறு இருந்தது. சேலை முந்தானையில் எடுத்து, மூச்சை அடக்கி, வாயிலிருந்து அடி வரைக்கும் ஒற்றி ஒற்றிப் பூசினேன். உள்ளேயும் பூசினேன்.

அறையிலிருந்து மெல்ல நடந்து வந்த என் கணவர் நின்று பார்த்தார். "மாமியாருக்கு விபூதி பூசி உக்கார வச்சிருக்க. சாம்பிராணியும் காட்டு லா" என்றார். நெடுநாளுக்குப் பிறகு அவர் செய்த கேலி. நானும் சிரித்தேன், சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இந்தத் தடவை படி திரையில் வந்தது. வளையம், சொட்டை, ஆத்தாளின் இரண்டெழுத்து எல்லாம் வந்தன. ஆனால் வாய் மூடியிருந்தது. கருவியின் ஒளி உள்ளே ஆழத்துக்கு எட்டவில்லையாம். தெரியாத இடத்தைக் கணினி தானாகவே மூடிவிட்டதாம். ஒரு மணி அரிசி போட முடியாத படி. வள்ளி பொறுமையாகப் படியைச் சாய்த்து வைத்தாள், கவிழ்த்து வைத்தாள், புத்தகத்தை முட்டுக்கொடுத்தாள், பதினேழு சுற்று எடுத்து ஒன்றோடொன்று ஒட்டினாள். மத்தியானம் ஆனது. இப்படி ஒரு முழு நாள் என் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து பல வருஷம் ஆகிறது. இரண்டு பேரும் படியைப் பற்றி மட்டுமே பேசினோம், அதுவும் போதுமாக இருந்தது.

மாலையில் வேலை முடிந்தது. கைப்பேசித் திரையில் படி அந்தரத்தில் தானாகச் சுற்றியது. "பார்த்தீங்களா, இனிமே இது எங்கயும் போவாது" என்றாள். கருவியைத் துடைத்து, எண்ணி, ஆறாம் நாளே திருப்பிக் கொடுத்தேன். ஜாமீன் போட்டவளுக்கு ஒரு கெட்ட பேர் வரக்கூடாது.

4

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பழையது ஆச்சிக்கு, புதியது எனக்கு என்று வள்ளி நினைத்துக்கொண்டிருந்தாள். நான் சரி என்றேனே தவிர, மனசில் வேறு கணக்குப் போட்டிருந்தேன்.

நூலகத்தில் பிரிண்ட் எடுக்கும் இயந்திரம் ஒன்றே முக்கால் நாள் ஓடிப் படியைச் சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கில் செய்து கொடுத்தது. எனக்கு அது போதும் என்றால் அங்கேயே நின்றிருக்கலாம். பித்தளையில் வார்க்க வேண்டும் என்றேன். எதுக்கும்மா, ஷோகேஸ்ல வைக்க இது போதாதா என்றாள் வள்ளி. பித்தளையில்தான் வேண்டும் என்று பிடிவாதமாகச் சொன்னேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு, பினாங்குக்குப் போகிற வழியில் என்னைக் கமுந்திங்கில் ஒரு வார்ப்படப் பட்டறைக்குக் கூட்டிப்போனாள்.

பட்டறை முதலாளி எழுபது வயதுச் சீனர். தோட்டத்துக் கடையில் பிறந்து வளர்ந்தவராம், தமிழ் நம் ஆட்கள் மாதிரியே பேசினார். கோவில் மணி நிறைய வார்த்துக் கொடுத்திருக்கிறார். பிளாஸ்டிக் படியை உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார், விரலால் உள்ளே தடவினார்.

"தங்கச்சி, இத அப்படியே வச்சி வார்க்கக் கூடாது. பித்தளை ஆறுனா சுருங்கும். அச்சு கொஞ்சம் பெருசா இருக்கணும்."

பெரிதாகச் செய்து கொண்டுவரச் சொல்லுங்கள், கணினியில் ஒரு நிமிட வேலை என்றார். வள்ளியும் ஆமாம் என்றாள். நான்தான் கூடாது என்றேன். ஒரு இம்மி கூட்டினாலும் அது ஆத்தா படி இல்லை என்று தோன்றியது. இருக்கிற அளவை மாற்றக் கை வைப்பது எனக்குத் தப்பாகப் பட்டது. கண்ணுக்குத் தெரியுமா என்று கேட்டேன். கண்ணுக்குத் தெரியாது என்றார். அப்படியென்றால் இப்படியே செய்யுங்கள் என்றேன். இதே பேச்சை நூறு பேர் சொல்லிக் கேட்ட முகத்தோடு அவர் பிளாஸ்டிக் படியை வாங்கி வைத்துக்கொண்டார்.

இரண்டு வாரத்தில் வந்தது. புளி போட்டுத் தேய்த்தேன். பித்தளைக்கு வயசு தெரியாது, தேய்த்தால் கிழவியும் குமரியும் ஒரே நிறம். இரண்டையும் மேசைமேல் வைத்தேன். அதே மூன்று வளையம், அதே சொட்டை. பெயரெழுத்து மட்டும் கொஞ்சம் மழுங்கியிருந்தது, முப்பத்திரண்டு வருஷம் தேய்த்ததில் மழுங்கியது என்று சொல்லிக்கொள்ளலாம். என் கணவரிடம் எது பழசு என்று கேட்டேன். தப்பாகச் சொன்னார்.

அப்போது எனக்கு வந்த நிம்மதியை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. ஆச்சிக்குப் படி கிடைக்கும், எனக்கும் படி இருக்கும். யாருக்கும் ஒரு குறையும் இல்லை. அவள் விளக்குக்குப் பக்கத்தில் நிற்கப் போவது என்னவோ பித்தளைதான். என்னிடம் இருப்பது ஆத்தா கை பட்டது. வாய்க்கரிசி போட்டவளுக்கு அந்தக் கை கடைசி வரை பக்கத்தில் இருந்தது, எனக்கு இதை விட்டால் என்ன இருக்கிறது? இப்படியெல்லாம் எனக்கு நானே வழக்குப் பேசினேன். எதிர்க்கட்சி வக்கீல் வராத வழக்கு.

5

ஈப்போவில் உணவுக்கடை வைத்திருக்கும் காதர் அண்ணே இராமநாதபுரத்துக்காரர். அண்ணன் மகன் கல்யாணத்துக்கு ஊருக்குப் போகிறார். காரைக்குடி வழியாகத்தான் போவேன், கொடுங்கம்மா, வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

காலையில் புதிய படியைத் துணியில் சுற்ற எடுத்தேன். வெறும் பாத்திரத்தை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது. பக்கத்து வீட்டுக் கிண்ணத்தைக்கூட ஒரு கரண்டி சர்க்கரையாவது போட்டுத்தான் திருப்பிக் கொடுப்போம். கொஞ்சம் அரிசி போடலாம் என்று டப்பாவைத் திறந்தேன். பழக்கதோஷம், கை தானாகப் பழைய படியை எடுத்து அரிசியை முகந்து தலை தட்டியது. தாம்பாளத்தில் புதிய படியை வைத்து அதில் கொட்டினேன்.

புதிய படி நிறைந்தது. நிறைந்த பிறகும் அரிசி வந்தது. வாய் விளிம்பில் குவிந்து, சரிந்து, தாம்பாளத்தில் கொட்டியது.

முதலில் சரியாகத் தலை தட்டவில்லை என்று நினைத்தேன். திரும்ப அளந்தேன். மூன்றாம் தடவை விரலால் வழித்து, படியைத் தட்டிக் குலுக்கி, ஒரு மணி சிந்தாமல் கொட்டினேன். மூன்று தடவையும் அதே அரிசி தாம்பாளத்தில் மிஞ்சியது. அள்ளிப் பார்த்தேன். என் கைக்குச் சரியாக ஒரு பிடி.

பட்டறைக்காரர் சொன்னதுதான். கண்ணுக்குத் தெரியாது என்றார், அரிசிக்குத் தெரிந்துவிட்டது. கல்யாண வீட்டில் விளக்குக்குப் பக்கத்தில் அளவு குறைந்த படியை வைக்க அனுப்ப இருந்தேன், முப்பது வயசுக்கு மேல் ஒரு பிள்ளைக்குக் கூடிவந்த கல்யாணத்துக்கு. ஆச்சி அதில் அரிசி அளப்பாள். அவள் கை ஆத்தா கை மாதிரி, அளக்கும்போதே தெரிந்துவிடும். தெரியாமல் போனால் இன்னும் மோசம்.

கையில் அந்தப் பிடி அரிசியோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு பிடி அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு போட இடமில்லாமல் உட்கார்ந்திருப்பது எனக்குப் புதிதில்லை. தோட்டத்தில் அந்தப் பதினோரு நாளும் அப்படித்தான் இருந்தேன்.

அங்கே காலை எட்டு மணிகூட ஆகியிருக்காது. ஆச்சியை அழைத்தேன். முகம் காட்டாமல் குரல் மட்டும் வருகிற மாதிரி அழைத்தேன். நூலகம், கருவி, பட்டறை என்று எல்லாவற்றையும் சொன்னேன். புதியதை அனுப்பிப் பழையது என்று சொல்ல இருந்தேன் என்பதையும் சொன்னேன். ஒரு பிடி குறைகிறது ஆச்சி என்றேன்.  அந்தப் பக்கம் சேவல் கூவுவதும் யாரோ வாளி வைப்பதும் கேட்டன. போனை வைத்துவிட்டாளோ என்று நினைத்தபோது கேட்டாள்.

"ஏன்டி, அந்தப் படியில அப்படி என்ன இருக்கு உனக்கு?"

"ஆத்தாளுக்கு நான் வாய்க்கரிசி போடலையே ஆச்சி. அதுக்குப் பதிலா இதத்தான் வச்சிருக்கேன்."

 அவள் குரல் இறங்கியது.

"போட்டாச்சு. உன் பிடியையும் நான்தான் போட்டேன். முதல்ல என்னோடது. ரெண்டாவது பிடி எடுத்து, இது மெய்யம்மை போடுறது ஆத்தான்னு சொல்லித்தான் போட்டேன். பங்காளி பொண்டுக எல்லாரும் பார்த்துக்கிட்டுத்தான் நின்னாக."

கையில் இருந்த அரிசியை மெல்லத் தாம்பாளத்தில் இறக்கினேன்.

"அப்பவே எழுதியிருக்கணும். படி மேல இருந்த கோபம். நீயா கேட்டா சொல்லலாம்னு இருந்தேன். நீ கேக்கவே இல்ல."

முப்பது வருஷம். நான் கேட்டிருக்கலாம், அவள் சொல்லியிருக்கலாம். இரண்டு பேரும் ஒரே ஆத்தாளின் பிள்ளைகள், அழுத்தத்தில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. அதற்குப் பிறகு இரண்டு பேரும் அழுதோம், அதை எழுதுவதற்கில்லை.

காதர் அண்ணே வாசலில் ஹாரன் அடித்தார். தாம்பாளத்தில் கிடந்த அந்த ஒரு பிடியை அள்ளிப் பழைய படியில் போட்டேன். வாயைத் துணியால் கட்டி, சேலைகளுக்கு நடுவே வைக்கச் சொல்லி அவர் கையில் கொடுத்தேன். அவர் பெட்டியில் சேலை எங்கே இருக்கும், கைலிகளுக்கு நடுவே வைத்துக்கொண்டார்.

6

கல்யாணத்தன்று என் கணவரை நிலையத்தில் படுக்கவைத்துவிட்டு நூலகத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆச்சி படம் அனுப்பினாள். விளக்கு, பக்கத்தில் படி, வாய்க்கு மேல் கூம்பாக அரிசி. அஸ்லினாவிடம் காட்டினேன். படியை உடனே அடையாளம் கண்டுகொண்டாள், எழுத்து வரை அவளுக்குப் பாடம். அவள் கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், அரிசி அளக்கிற சுபாக் என்ற படியும் இதே மாதிரிதான் இருக்குமாம். இது அசலா நகலா என்று கேட்டாள். அசல் என்றேன். அப்போ ஆன்ட்டியிடம் என்ன இருக்கிறது என்று கேட்டாள். நகல் என்று சொல்ல வந்தேன், அந்தச் சொல் பிடிக்கவில்லை. என் படி என்று சொன்னேன்.

வள்ளியிடமும் நடந்ததைச் சொன்னேன். பொய் சொன்னதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த தடவை சுருக்கத்தைக் கூட்டிவைத்து வார்க்கலாம், அப்போது அளவு சரியாக வரும், ஃபைல் பத்திரமாக இருக்கிறது என்றாள். வேண்டாம் என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை, ஆனால் படியை எடுத்துப் பெயரெழுத்தை விரலால் தடவி, இதை எப்படி வாசிக்கிறது என்று கேட்டாள். சொன்னேன்.

நேற்று அரிசி மூட்டை வந்தது. டப்பாவைத் திறந்து வைத்து உட்கார்ந்தேன். லாபம் என்று முதல் படியைக் கொட்டினேன். பிறகு கையால் ஒரு பிடி. ரெண்டு, ஒரு பிடி. மூணு, ஒரு பிடி. கணக்கு எங்கயோ இடிக்குதே என்றார் நாற்காலியில் இருந்த என் கணவர். இடிக்கவில்லை, இப்போதுதான் சரியாக இருக்கிறது என்றேன்.